பத்து பத்துக்கு வெளியே போனவள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், முன்சீப் கோர்ட்டில், பதினெட்டு வருடம் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். சாட்சி கூண்டில் நின்று சொல்வதை நீதிபதி திருத்தி எனக்குச் சொல்வார், நான் அடிப்பேன். வக்கீல் கேட்ட கேள்வி அதில் வராது. நீதிபதி இடையில் புகுந்து கேட்டதும் வராது. "நான் அன்று காலை வயலுக்குப் போனேன். பிரதிவாதி வேலியை நகர்த்தியதைப் பார்த்தேன்" என்று, யாரும் எதுவும் கேட்காமல் சாட்சியே தானாகப் பேசிக்கொண்டு போனமாதிரி பதில்கள் மட்டும் வரிசையாக நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தெரிந்தவள் எப்படி ஏமாந்தாள் என்று பிறகு நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆக்லாந்துக்கு வந்தபின் அந்தப் பதினெட்டு வருடத்தை யாரும் சீண்டவில்லை. கணவருக்கு மங்கரேயில் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் வேலை கிடைத்தது. எனக்கு வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குளிக்க உதவி செய்வது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சமைப்பது, கடைக்குப் போய்வருவது. எங்களுக்கு யார் வீடு என்று பிரித்துக் கொடுக்கும் மேற்பார்வையாளர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். ஒருநாள் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, எல்லர்ஸ்லியில ஒரு ஆபிரிக்க அம்மா. அங்க ஜட்ஜா இருந்தவவாம். ரெண்டு பேரை ஏற்கெனவே வேண்டாமெண்டு கலைச்சுப்போட்டா. நீங்கள் ஒருக்கா போய்ப் பாருங்கோவன்."

ஜட்ஜ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. பழக்கதோஷம்.

மகள் வீட்டின் பின்னால் தனியாக ஓர் அறை, சமையல் மூலை, குளியலறை. அதில் அவர் இருந்தார். எழுபத்தெட்டு வயது. தலையில் பெரிய துணிக்கட்டு. மேசைமேல் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, பக்கத்தில் ஒரு கடிகாரம். நான் உட்காருவதற்கு முன்பே பேனாவைத் திறந்துவிட்டார். எந்த ஊர், என்ன படிப்பு, இதற்கு முன் என்ன வேலை, ஏன் இங்கே வந்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினார்.

"நான் தென்னிந்தியாவிலிருந்து வருகிறேன். பதினெட்டு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தேன். இங்கே அதை யாரும் கேட்கவில்லை. மீன் சமைக்கத் தெரியும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மேடம், உங்கள் கேள்விகளைக் காணோமே" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீதிபதி பேசுவது பதிவில் வராது" என்றார்.

"எங்கள் ஊரிலும் வராது."

அவ்வளவுதான். இரண்டு நாட்டையும் ஆண்டவன் ஒரே வெள்ளைக்காரன், ஒரே வழக்கத்தை இரண்டு இடத்திலும் விட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து நான் அவருக்குப் 'பெஞ்ச் கிளார்க்'. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்று. முதல் மாதம் என் காதில் 'நீ' என்றுதான் விழுந்தது. அப்புறம் 'நீங்கள்' ஆகிவிட்டது. அவர் மாற்றினாரா, என் காது மாற்றிக்கொண்டதா, தெரியாது.

வாரத்தில் மூன்று நாள், ஒன்றரை வருடம் போனேன். அவருடைய வாழ்க்கையை நான் தெரிந்துகொண்டது முதுகு தேய்க்கும்போதும் வெங்காயம் நறுக்கும்போதும்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் கடலோர நாடு. அம்மா மீனைப் புகைபோட்டுச் சந்தையில் விற்றவர். எழுத்துத் தெரியாது. அந்த மீன் வாசனையோடு பள்ளிக்கூடம் போனவர் லண்டன்வரை போய்ச் சட்டம் படித்துத் திரும்பினார். முதலில் உள்நாட்டில் எங்கோ ஒரு ஊரில் மாஜிஸ்திரேட். அந்தக் கோர்ட்டில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. பெண் நீதிபதி வருவாள் என்று கட்டியவர்கள் யோசித்திருக்கவில்லை. இடைவேளையில் தெருவைத் தாண்டி உபதேசியார் வீட்டுக்குப் போவாராம். கறுப்பு அங்கியோடு அவர் தெருவில் இறங்குவதைப் பார்த்துத்தான் அந்த ஊர்ப் பெண்கள் மதியத்துக்கு அடுப்புப் பற்றவைப்பார்களாம். இதைச் சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

பிறகு உயர் நீதிமன்றம். அங்கும் டைப்பிஸ்ட் கிடையாது. சாட்சி சொல்வதை எல்லாம் நீதிபதியே கையால் எழுத வேண்டும். அவருடைய வலது நடுவிரலில் பேனா அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு இருந்தது. கிரீம் தடவும்போது அந்த இடத்தில் மட்டும் என் விரல் தடுக்கும்.

அவர் பெயர் நாடு முழுக்கப் பரவியது ஒரே ஒரு நாளால். ராணுவம் ஆண்ட காலம். ஒரு பத்திரிகைக்காரர் மீது வழக்கு. தீர்ப்புக்கு முந்தின நாள், சீருடை போட்ட அதிகாரி ஒருவர் அவருடைய அறைக்குள் வந்து, தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் மறுத்துப் பேசவில்லை. நோட்டைத் திறந்து எழுதினார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். "நான் இன்ன படைப்பிரிவின் அதிகாரி. இந்த வழக்கை எப்படி முடிக்க வேண்டும் என்று நீதிபதிக்குச் சொல்ல வந்திருக்கிறேன்." பிறகு நோட்டை அதிகாரி பக்கம் திருப்பி, பேனாவை நீட்டி, "சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்" என்றாராம். அதிகாரி எழுந்து போய்விட்டார். மறுநாள் பத்திரிகைக்காரர் விடுதலை.

இதை நான் எங்கள் வீட்டில் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். கணவர், "உன் ஜட்ஜம்மா புராணம் ஆரம்பிச்சாச்சா?" என்பார். எனக்கு ரோஷம் வரும். அவரைப் பற்றிக் குறைவாக யாராவது பேசினால் என்னையே பேசினமாதிரி இருந்த காலம் அது.

ராணுவம் போய்த் தேர்தல் வந்தபோது சந்தைப் பெண்கள் கூட்டமாக வந்து அவரை நிற்கச் சொன்னார்கள். அவருடைய அம்மா மீன் விற்ற அதே சந்தை. அந்த ஊர் வழக்கப்படி வேட்பாளர் முகத்தைத் துணியில் அச்சடித்துப் பெண்கள் பாவாடையாகவும் தலைக்கட்டாகவும் கட்டிக்கொள்வார்கள். எங்கு திரும்பினாலும் அவர் முகம். ஜெயித்தார், அமைச்சரானார். மூன்றாம் வருடம் அந்தச் சந்தையை அகற்ற வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. கையெழுத்துப் போட வேண்டியது அவருடைய இலாகா. போடாமல் இழுத்தார். சட்டக் கல்லூரியிலிருந்தே கூடப் படித்த நண்பர், அவரும் ஓர் அமைச்சர், போன் செய்தார். "போடு. பின்னால் எது வந்தாலும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து நிற்போம்" என்றார். போட்டார். இயந்திரங்கள் வந்து சந்தையைத் தரையோடு தரையாக ஆக்கின. மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் துணிகள் மலையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் அவர் முகம். பெண்கள் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். நண்பரைக் கூண்டில் ஏற்றி அந்தப் போனைப் பற்றிக் கேட்டார்கள். "எனக்கு நினைவில்லை" என்றார் அவர்.

"பொய் சொல்லியிருந்தால் குறுக்கு விசாரணையில் உடைத்திருப்பேன்" என்று அம்மையார் சொல்வார். "நினைவில்லை என்பவனை எங்கே போய்ப் பிடிப்பது? கதவே இல்லாத வீடு அது." பதவி போனது, மானம் போனது, கடைசியில் மகளிடம் வந்து சேர்ந்தார். அந்த நண்பர் இறந்த செய்தி வந்த அன்று அவர் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்தேன். துக்கம் என்று நினைத்தேன். "அவன் சொல்லாமலே போய்விட்டான்" என்றார். அது கோபம்.

ஒரே ஒரு தடவை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஆனால் மேடம், கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அந்தக் கேள்வி பதிவில் வராது" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

அந்தச் சமயத்தில்தான் நகர மையத்தில் எனக்கேற்ற ஒரு வேலை இருப்பதாகத் தெரிந்தது. வழக்கு விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. என் வேலை. என் கை மறக்காத ஒரே வேலை. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி கோர்ட் பக்கம் போக முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. விண்ணப்பத்தோடு என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரின் கடிதம் வேண்டும். அம்மையாரிடம் சொன்னேன்.

"நானே எழுதித் தருகிறேன்" என்றார். "உயர் நீதிமன்ற நீதிபதி எழுதிய கடிதத்தை ஓரமாக வைக்க யாருக்குத் தைரியம் வரும்?"

அந்த வாரம் முழுக்க நான் காரில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

அவருடைய மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லர்ஸ்லியிலேயே ஓர் அலுவலகத்தில் பெரிய வேலை. நல்லவள், ஆனால் களைத்துப் போனவள். குளிர்காலத்தில் அம்மா தோட்டத்தில் ஒருமுறை தடுமாறி விழுந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. முதியோர் இல்லம் ஒன்றின் விளம்பரத் தாளை வாங்கி வந்து அம்மா அறையில் இருந்த ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். "இன்னொரு தடவை ஏதாவது ஆனால் அங்கேதான், அம்மா" என்று என் முன்னாலேயே சொன்னாள். ராணுவ அதிகாரியிடம் பேனாவை நீட்டியவர் அந்தத் தாளைப் பார்க்கும்போது மட்டும் சுருங்கிப் போவார். "உங்கள் கடைச் சாமான் பட்டியலை அதன்மேல் ஒட்டுங்கள்" என்று என்னிடம் கேட்டார். ஒட்டினேன். வாரா வாரம் புதுப் பட்டியல், அதே இடத்தில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய பேனா தீர்ந்துபோனது. உதறினார், தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். வரவில்லை. அவர் அரைமணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதுகிறவர், பேனா இல்லாமல் அவரால் உட்கார முடியாது.

"கடைக்குப் போய் ஒரு பேனா வாங்கி வாருங்கள். நீலம்" என்றார்.

கடைக்குப் போவது எனக்குக் கொடுத்த வேலைப் பட்டியலிலேயே இருந்தது. அவர் கேட்டால் போகலாம். கேட்காமல் நானாகப் போனால் தப்பு. தெருக்கோடி டெய்ரிக்கு நடந்து போனேன்; இங்கே பெட்டிக்கடையை அப்படித்தான் சொல்வார்கள். நீலம் இல்லை, கறுப்புதான் இருந்தது. கடைக்காரர் குஜராத்திக்காரர், உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். கறுப்பையே வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அவர் தரையில் கிடந்தார். பக்கத்தில் ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. மேல் அலமாரிக் கதவு திறந்திருந்தது. கையில் ஒரு துணி. மடிப்புக் கலைந்து பாதி அவர் கன்னத்துக்கு அடியில் இருந்தது. அந்தத் துணியில் ஐம்பது வயதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் குவிந்த அந்த மலையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்திருந்திருக்கிறார். அதைக் கடல்தாண்டி எல்லர்ஸ்லி அலமாரிவரை கொண்டுவந்து, நான் இல்லாத நேரத்தில் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்திருக்கிறார். இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

போனை எடுத்தேன். அவர் என் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"முதலில் ஸ்டூல். அப்புறம் துணி. அப்புறம் ஆம்புலன்ஸ்."

நான் அந்த வரிசையிலேயே செய்தேன். ஸ்டூலைச் சமையல் மூலையில் வைத்தேன். துணியை மடித்து மேலே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஏன் செய்தேன்? ஃபிரிட்ஜில் என் பட்டியலுக்கு அடியில் இருந்த தாளுக்காகத்தான். நடக்கும்போது கால் இடறி விழுந்துவிட்டேன் என்று அவர் மகளிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். இது எங்கள் இருவருக்குமான ஒப்பந்தம் என்று எனக்குத் தோன்றியது. அவரைத் தூக்கி நிறுத்தக் கூடாது என்பதால் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். நோட்டும் புதுப் பேனாவும் கேட்டார், மடியில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குக் கைகாட்ட வாசலுக்கு ஓடினேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அக்கா, அம்மா விழேக்க நீங்கள் வீட்டில இல்லையாம். மகள் முறைப்பாடு குடுத்திருக்கிறா. உண்மையோ?"

"அவங்கதாம்மா கடைக்கு அனுப்பினாங்க, பேனா வாங்க."

"ஓம், நான் நம்புறன். ஆனா அதை அவாவெல்லோ சொல்லோணும்."

"அந்த நோட்டை எடுத்துப் பாரும்மா. ஒவ்வொரு நிமிஷமும் எழுதி வச்சிருப்பாங்க. அதைக் கொண்டுவரச் சொல்லு, அது போதும் எனக்கு."

என் குரலில் அத்தனை தெம்பு. கணவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எதுக்கும் அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையேன்" என்றார்.

"கடைக்காரர் எதுக்கு? ஹைகோர்ட் ஜட்ஜ் கைப்பட எழுதின நோட்டு இருக்கு" என்றேன். பதிவு என்று ஒன்று இருந்துவிட்டால் உண்மை பத்திரமாக இருக்கும் என்று நினைப்பது கோர்ட்டில் டைப் அடித்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய மடத்தனம். மற்றவர்கள் கடைக்காரரைத் தேடிப் போயிருப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய அறையிலேயே கூடினோம். மேற்பார்வையாளர், மகள், நான், அவர். இடது கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வலி என்று நினைத்துக்கொண்டேன். மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் மரியாதையாகத் தொடங்கி, அன்று காலை நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

"பதிவில் உள்ளதைச் சொல்கிறேன்" என்றார் அம்மையார். நோட்டைத் திறந்தார். சாட்சியத்தை வாசித்துக் காட்டும் அதே குரல், எனக்குப் பிடித்த அந்தக் குரல்.

"பத்து பத்து. பராமரிப்பாளர் வெளியே சென்றார். பத்து முப்பத்தைந்து. பராமரிப்பாளர் திரும்பினார்."

அவ்வளவுதான் இருந்தது. நான் இன்னொரு வரிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பெஞ்ச் கிளார்க் போய்ப் பராமரிப்பாளர் வந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை. பத்து பத்துக்கு நான் போனேன். பத்து முப்பத்தைந்துக்குத் திரும்பினேன். போகச் சொன்னது நீதிபதி. நீதிபதி பேசுவது பதிவில் வராது.

"அம்மா, நீதான் அவளை அனுப்பினாயா?" மகள் நேராகவே கேட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அம்மையார் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு நினைவில்லை" என்றார்.

அந்த இரண்டு சொல்லையும் சபித்து அவர் பேசியதை ஒன்றரை வருடம் கேட்டவள் நான். அவருக்காக அந்த முகம் தெரியாத நண்பரைத் திட்டியவள் நான்.

மேற்பார்வையாளர் நோட்டை வாங்கி என்னிடம் நீட்டினாள். நேரம் சரிதானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். பார்த்தேன். ஒன்பதரை மணி வரி நீலம். பத்து மணி வரி பாதிவரை நீலம், பிறகு மை இல்லாத கீறல், ஓரத்தில் கிறுக்கல். அதற்குக் கீழே பத்து பத்து, கறுப்பு. பத்து முப்பத்தைந்து, கறுப்பு.

கறுப்புப் பேனா பத்து பத்துக்கு அந்த வீட்டிலேயே கிடையாது. நான் அதை வாங்கி வந்த பிறகுதான் இரண்டு வரியும் எழுதப்பட்டிருக்கின்றன. நான் எதற்காக வெளியே போனேன் என்பதற்கு அந்த மையே சாட்சி. ஒரு விரலை வைத்துக் காட்டினால் போதும், தெருக்கோடிக் கடைக்காரர் மிச்சத்தைச் சொல்லிவிடுவார்.

நிமிர்ந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் அந்தப் பக்கத்தில் எங்கே நின்றது என்று அவர் பார்த்துவிட்டார். ஆயிரம் சாட்சிகளின் முகத்தைப் படித்தவர், இதைப் படிக்க மாட்டாரா? எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்தது. நான் சொல்லாமல் அவருக்காகக் காத்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. பழி என்மேல் இருக்கும்வரை அவர் இந்த அறையிலேயே இருக்கலாம். பேனா வெளியே வந்தால் ஸ்டூல் வரும், துணி வரும், ஃபிரிட்ஜ் கதவில் என் பட்டியல் விலகும். அதனால் நான் அதை அவர் கையில் விட்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய வாயிலிருந்து அது வர வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது.

அவர் வலது கையை நீட்டினார். காய்ப்பு ஏறிய அந்த விரல். நோட்டைக் கொடுத்தேன். மூடினார். மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நேரம் சரிதான்" என்றேன் நான்.

வெளியே கார் அருகில் மேற்பார்வையாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஏன் ஒண்டும் கதைக்காமல் இருந்தனீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பன்தானே?" அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எல்லர்ஸ்லியிலிருந்து என்னை மாற்றினார்கள். நகர மைய வேலையின் விண்ணப்பத்தில், முந்தைய வேலையில் எச்சரிக்கை எதுவும் பெற்றதுண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. 'ஆம்' என்று எழுதி அனுப்பினேன். கூடவே வைக்க ஒரு கடிதமும் இல்லை. அவர்கள் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். கணவர் பொறுமையாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "வயசாயிடுச்சுல்ல. கீழ விழுந்த அதிர்ச்சி வேற. நிஜமாவே மறந்துருக்கும். அத்தனை பெரிய மனுஷி வேணும்னா சொல்வாங்க?" முதலில் அதற்கும் கத்தினேன். பிறகு மெதுவாக அதைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பார்வையை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். பாத்திரம் கழுவும்போது, வண்டி ஓட்டும்போது, மறந்திருப்பார், மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் தூக்கம் வந்தது. ஏறக்குறைய மன்னித்தே விட்டேன்.

நாலு மாதம் கழித்து மகள் போன் செய்தாள். அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது மறுபடி விழுந்துவிட்டாராம். இந்தத் தடவை இடுப்பு. கடைசியில் அந்த இல்லத்தில்தான் சேர்த்தாயிற்று. அறையைக் காலி செய்தபோது நோட்டின் பின்னட்டைப் பைக்குள் என் பெயர் எழுதிய உறை ஒன்று இருந்ததாகச் சொன்னாள். வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். போனேன். ஃபிரிட்ஜைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள். உறையைக் கொடுத்துவிட்டு அவள் தயங்கி நின்றாள். ஒட்டாத உறை. படித்திருப்பாள் என்று முகத்தில் தெரிந்தது.

காரில் சாய்ந்துகொண்டு பிரித்தேன். நகர மைய வேலைக்காக எனக்குக் கேட்டிருந்த அந்தக் கடிதம். கறுப்பு மை. அழகான, நேரான கையெழுத்து. என் உழைப்பைப் பற்றி, என் துல்லியத்தைப் பற்றி, இரண்டு பத்தி. பிறகு இது: "என் கட்டளை இல்லாமல் இவர் ஒருநாளும் என்னை விட்டு வெளியே சென்றதில்லை. கடந்த செவ்வாயன்று இவரைக் கடைக்கு அனுப்பியது நான். நான் விழுந்ததில் இவர் குற்றம் எதுவும் இல்லை."

நீதிபதி பேசியிருந்தார். முழுசாக, தன் வாயால், பதிவில்.

டைப்பிஸ்டின் கண் எப்போதும் தேதிக்குத்தான் போகும். மேல் மூலையில் பார்த்தேன். அவர் விழுந்த செவ்வாய்க்கு அடுத்த வியாழன். நாங்கள் கூடிய திங்களுக்கு நாலு நாள் முன்னால்.

அப்படியென்றால் மறக்கவில்லை. வியாழக்கிழமை எல்லாம் தெரிந்து, கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். இடையில் ஒரு சனி ஞாயிறு வந்திருக்கிறது. மகள் வீட்டில் இருந்திருப்பாள், அந்த இல்லத்தைப் பற்றிப் பேசியிருப்பாள், பயம் பிடித்திருக்கும். எனக்கு அதெல்லாம் புரியாமல் இல்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் கையை வைத்து மூடிக்கொண்டாரே, அந்த நோட்டுக்குள்தான் இந்தக் கடிதம் இருந்திருக்கிறது. கணவர் எனக்குக் கொடுத்து வைத்திருந்த ஒரே சமாதானத்தையும் அந்தத் தேதி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மகள் பக்கத்தில் வந்தாள். "என்னை மன்னித்துவிடுங்கள், எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு, "அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். தினமும் கேட்கிறார். என் கிளார்க் வந்தாளா என்று. ஒருமுறை போய் வருவீர்களா? என்ன சொல்லட்டும்?"

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"எனக்கு நினைவில்லை என்று சொல்லுங்கள்" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, முகம் வாடி நின்றாள். அவளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். ஆனால் அது அவளுக்குச் சொன்னது இல்லை. போய்ச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அம்மையார் உடனே நோட்டைக் கேட்டு வாங்கி, நேரம் போட்டு, அதை எழுதி வைத்திருப்பார்.